சொன்னதைச் சொல்லும் நாகலக்ஷ்மி

“யாரு சொன்னா? யாருட்ட சொன்னா? எப்போ சொன்னா? இது மூணும் கையில கிட்டியாச்சுன்னா பாக்கி தன்னால வரும், கேட்டேளா?” என்று கரும்பலகையைத் தட்டுகிறார் நாகலக்ஷ்மி டீச்சர். ஞாயிறு காலை, கரமனையில் அவர் வீட்டு முன்னறை. எதிரே பன்னிரண்டு பேர். பாதிப் பேர் வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதப்போகும் நர்சுகள், மீதி ஓட்டலிலும் கடையிலும் வேலை பார்ப்பவர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது எப்படி என்பது பாடம். ‘நான்’ என்பது ‘அவர்’ ஆகும், ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகும், கேள்வி தன் கொக்கியை இழக்கும்.

டீச்சருக்கு இந்தப் பாடத்தில் தனி ருசி. புத்தகத்து உதாரணங்களைச் சீந்தமாட்டார். “அதெல்லாம் யாரும் பேசாத பேச்சாக்கும்” என்பார். அவருடைய உதாரணங்கள் கிழக்கேகோட்டை பஸ்ஸில் விளைபவை. பக்கத்து சீட்டு அம்மாள் போனில் மருமகளைப் பொரிந்து தள்ளினால் டீச்சர் தன் ஸ்டாப்பில் இறங்குவதில்லை. பேச்சு முடிகிற ஸ்டாப்பில்தான் இறங்குவார். தெருச் சண்டைகளும் பலகைக்கு வந்துவிடும். பெயர் மட்டும் வராது. பெயரில்லாவிட்டால் யாருக்கும் நோகாது என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பிவந்தார், பாவம்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர் அனந்தபத்மநாபன் இவருக்கு வைத்த பெயர் ‘ரேடியோ ஸ்டேஷன்’. “ஸ்டேஷன் திறந்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டேதான் காலைக் காப்பியை நீட்டுவார். டீச்சர் முறைப்பார், உள்ளுக்குள் பெருமைதான்.

வீட்டுப்பாடம் எப்போதும் ஒன்றுதான்: இந்த வாரம் உங்கள் காதில் விழுந்த பேச்சை எழுதிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு முதலில் ஓட்டல்காரர் ஜெபசிங் எழுந்தார். “டீச்சர், ‘நாளைக்கி நீ வரவேண்டாம்’னு எங்க மேனேஜர் சொன்னாரு. அத எழுதிருக்கேன்.”

“ஐயையோ, வேலை போயிடுத்தா?”

“இல்ல டீச்சர், லீவு குடுத்தாரு.”

வகுப்பே சிரித்தது. டீச்சர்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

அடுத்து நோட்டை நீட்டியவள் ஜிஷா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வகுப்பில் சேர்ந்து இரண்டே வாரம். டீச்சர் சிவப்புப் பேனாவோடு படிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் நாலே வரி. ஒருவர் டாக்டரிடம், தம் மனைவிக்கு வந்திருப்பது கேன்சர் என்று அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். கல் என்று சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். தம் மனைவி ஒரு ரேடியோ ஸ்டேஷன் என்றும், தெரிந்தால் அன்றைக்கே அது வாயை மூடிவிடும் என்றும் சொன்னார். எத்தனை நாள் மறைக்க முடியும் என்று டாக்டர் அவரைக் கேட்டார்.

‘ரேடியோ ஸ்டேஷன்’ என்ற இடத்திலேயே டீச்சரின் பேனா நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி வந்த கணவர், “சின்னக் கல்லாக்கும். மாத்திரையில கரைஞ்சு போயிடும்” என்றுதான் சொன்னார். தன் வயிற்றில் கல் என்று தெருவுக்கே தமுக்கடித்தவர் டீச்சர். மறுபடி படித்தார். மூன்றாம் தடவையும் படித்தார். எழுத்து ஒன்றும் மாறவில்லை.

“நான் நேரா கேட்டதாணு டீச்சரே” என்றாள் ஜிஷா, தப்பு கண்டுபிடித்துவிட்டாரோ என்ற பயத்தில். “பாவம், அந்த சார் அங்கனே நின்னு கரஞ்ஞு.”

அழுதாராம். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த மனிதர் அழுது டீச்சர் பார்த்ததில்லை. இவளுக்கு முன்னால், முன்பின் தெரியாத ஒரு டாக்டருக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறார். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? பழக்கத்தில் கை நாலு வரிக்கும் சரி போட்டது. “நன்னா எழுதியிருக்கே” என்ற குரல் டீச்சருக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. தலைவலி என்று வகுப்பை அத்தோடு அனுப்பிவிட்டார்.

சமையலறையில் அனந்தபத்மநாபன் பப்படம் பொரித்துக்கொண்டிருந்தார். “என்ன, இன்னைக்கு சீக்கிரம் விட்டாச்சு?”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“அன்னைக்கே சொன்னேனே, கல்லுன்னு—”

“நீங்க சொன்னது வேண்டாம். டாக்டர் சொன்னது. அவர் வாயில எப்படி வந்துதோ, அப்படியே சொல்லுங்கோ.”

அவர் கையிலிருந்த கரண்டி எண்ணெய்க்கு மேலேயே நின்றது. பப்படம் கருகத் தொடங்கியது. டீச்சர் கை நீட்டி அடுப்பை அணைத்தார். சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து, உட்காருங்கள் என்பதுபோல் அவர் பக்கம் தள்ளினார்.