கோழிக்கொண்டை முளைத்த லான்

காலை ஏழு மணிக்கு டவுன்ஷிப் தோட்டப் பிரிவு ஆபீஸில் போன் அடித்தது. எடுத்தேன்.

“சூப்பர்வைசரா? உடனே வாங்க. எங்க லான்ல சமாதி முளைச்சிருக்கு.”

பேசியவர் கோமதி அம்மா. மைன்ஸில் பெரிய இன்ஜினியராக இருந்த ஒருவரின் மனைவி, திருநெல்வேலிக்காரர். சாருக்கு இதயத்தில் அடைப்பு; நாலு நாளில் சென்னையில் ஆபரேஷன். சத்தம் ஆகாது என்று எட்டு வாரமாக அந்தக் குவார்ட்டர்ஸில் புல் வெட்டும் மெஷினை நாங்கள் ஓட்டவில்லை. ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கான்ட்ராக்டில் வேலை பார்த்த பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அனல்மின் நிலையச் சாம்பல் தூசிக்குப் பயந்து சாத்தியே கிடந்த பக்கவாட்டு ஜன்னலை அன்றுதான் திறந்தார்களாம். அதற்கு நேர் கீழே, வளர்ந்த புல்லுக்கு நடுவில், ரத்தச் சிவப்பாகக் கோழிக்கொண்டை பூத்திருந்தது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். கயிறு பிடித்து நட்டது போல ஓரம் அத்தனை நேராக இருந்தது. லானில் வேறெங்கும் ஒரு செடிகூட இல்லை. ஜன்னலுக்கு உள்ளே சாரின் கட்டில், அதே திசையில், அதே நீளத்தில் கிடந்தது.

பாக்கியம் செருப்பைக் கழற்றிவிட்டாள். “யாரோ படுத்துகினு இருக்கிறாப்புல இருக்குதுங்க சார்.”

கோமதி அம்மா அழவில்லை. “ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன். வாசல்லயே குழி காட்டுது. நான் அவுகள அனுப்ப மாட்டேன்.”

“கோமதி, விடும்மா” என்று உள்ளேயிருந்து சார் சொன்னார். அந்த இரண்டு சொல்லுக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

அது என்ன பூ, எப்படி வந்தது என்று அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

புயலில் டவுன்ஷிப் மரங்கள் பாதி சாய்ந்த பிறகு இலைக் குப்பை கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தோம். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எங்கள் சனம் குவிக்கும் பூவெல்லாம் மறுநாள் வீணாகத்தானே போகிறது என்று, டிராக்டர் அனுப்பி அள்ளிவரச் சொல்லி கம்போஸ்ட் குவியலில் போட்டேன். ரிஜிஸ்டரில் ‘இலைக் குப்பை’ என்று எழுதினேன். கல்லறைப் பூ என்றால் யார் வீட்டு வாசலில் போட விடுவார்கள்?

வேகிற குவியலின் நடுவில் கடப்பாரையைச் செருகி வைத்து எடுத்தால் கையால் தொட முடியாது. அந்தச் சூட்டில்தான் விதை சாகும். ஓரத்துக் குப்பையும் நடுவுக்கு வர நாலு தடவையாவது புரட்ட வேண்டும். நான் ஒரு தடவையோடு விட்டுவிட்டேன். பொங்கல் கழிந்து இந்த லானில் மூன்று தள்ளுவண்டி எருவை வரிசையாகக் கவிழ்த்து, பிறகு லான் முழுக்க இறைத்தோம். கவிழ்த்த இடத்தில் தங்கிய விதை முளைத்துவிட்டது, சரி. இறைத்த இடத்தில் ஏன் ஒன்றுகூட முளைக்கவில்லை என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

“சொல்லித் தொலைக்காதீங்க சார்,” பாக்கியம் கிசுகிசுத்தாள். “உங்களுக்கு மெமோ, எங்களுக்குக் கான்ட்ராக்டே போயிடும்.”

சொல்லாவிட்டால் சார் போய்விடுவார். எல்லாவற்றையும் சொன்னேன்.

கோமதி அம்மா பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இது யாருக்குப் போட்ட பூ?”

“எல்லாருதும் கலந்ததும்மா. எங்க அப்பாவுக்கு நான் போட்ட கோழிக்கொண்டை மாலையும் அதுல இருக்கு.”

“அப்பா எத்தனை வயசுல போனாக?”

“எண்பத்திரண்டும்மா. தூக்கத்துலயே போயிட்டாரு.”

“எண்பத்திரண்டு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

ரிஜிஸ்டரை நானே திருத்தினேன். மெமோ வந்தது. பாக்கியத்தின் வேலை தப்பியது. சாரும் பிழைத்து வந்தார்.

தோட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களே, குவியலை நாலு தடவை புரட்டுங்கள். எது எங்கிருந்து வந்ததோ அதை உள்ளபடி எழுதுங்கள். தொழிலுக்கு இந்த இரண்டு பாடம் போதும். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

அடுத்த நவம்பரில் சாரே ஆபீஸுக்கு வந்தார், கையில் கோழிக்கொண்டை மாலையோடு. “சேவியர், உங்க அப்பாவுக்கு நானும் ஒரு மாலை போடணும்.”

தட்ட முடியவில்லை. கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மைன்ஸில் ஷிப்ட் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் என் அப்பா. வாரிசு வேலையாகத்தான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது. கல்லில் அவர் பெயருக்குக் கீழே பொறித்திருந்தது: வயது 54.

சாருக்கும் அந்த வருஷம் ஐம்பத்துநாலுதான்.

அவர் குனிந்து படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். மாலையைச் சாத்திவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“கோமதிகிட்ட சொல்லிராதீங்க” என்றார்.