இது யார் வீட்டு ரிலே

எந்த வீட்டு வாசலில் நின்று பேசினாலும் பெஞ்சமினின் பார்வை ஆளைத் தாண்டி உள்ளே போகும். பரணில் பழைய செட்டாப் பாக்ஸ் ஏதாவது கிடக்கிறதா என்று தேடும். "ஓடாத பொருள் எதனா இருக்குதாம்மா? தூக்கிப் போட்றாதீங்க" என்பார்.

மானாம்பதிப் பக்கம் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்குகிறார். காய்ப்பேறிய அதே விரல்களால் மயிரிழைக் கம்பியைப் பற்றவைப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் உத்திரமேரூர் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுவார். வீடு நிறைய ஊறுகாய் பாட்டில்கள். உள்ளே கெபாசிட்டர், டிரான்சிஸ்டர், ரிலே. எதிலும் பெயர் எழுதியிருக்காது. எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதுதான் அவருக்கு அடையாளம். "இது சொக்கம்மா வூட்டு டிவி. இது போஸ்ட்மேன் ரேடியோ."

செய்து முடித்தவை குறைவு. ஆள் வந்தால் எரியும் விளக்கு ஒன்று செய்தார். அது பூனைக்கும் எரிந்தது.

"நாஷ்டா தட்டு வைக்க எடமில்ல, இவுரு பூனைக்கு லைட்டு போட்டுக்கினு கீறாரு" என்பார் மனைவி அம்முலு.

"அதுக்கும் வழி தெரியணும்ல" என்பார் பெஞ்சமின்.

சென்ற மாசியில் ஒரு ராத்திரி எங்கள் அப்பா இறந்தார். அண்ணன் மோகன்குமார் மஸ்கட்டிலிருந்து மறுநாள் மாலைதான் வந்துசேர முடியும். அப்பாவை வாடகை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தோம். காலையில் வோல்டேஜ் இறங்கி ஏறியதில் பெட்டி நின்றுவிட்டது. வேறு பெட்டி எங்கும் கிடைக்கவில்லை.

"மோகன் வர்ற வரைக்கும் தாங்காது. மத்தியானமே எடுத்துடலாம்" என்றார் சித்தப்பா.

"புள்ள மொகம் பாக்க வேணாமா?" என்றாள் அம்மா.

துக்கத்துக்கு வந்த பெஞ்சமின் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். காலனிக்காரர்கள் எங்கள் தெருவில் அங்கேதான் நிற்பார்கள். நான் போய்க் கூப்பிட்டேன். அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "உள்ள வந்து பாருடா" என்றார். சித்தப்பாவுக்கு அவரைவிட இரண்டு வயது குறைவு.

பெஞ்சமின் பெட்டியின் பின்தகட்டைக் கழற்றி முகர்ந்தார். "ரிலே பூட்ச்சிம்மா. அதான் கம்ப்ரசரு கெளம்பல. வேற போட்டா ஓடும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பியபோது கையில் ஒரு பழைய ரிலே இருந்தது.

"இது யார் வீட்டுது?" என்று கேட்டேன்.

"உங்க பழைய ஃபிரிட்ஜிலதும்மா. பெரியவருதான் குடுத்தாரு. 'வச்சிக்கடா, எதுக்கனா ஆவும்'னாரு."

சேராத முனைகளைக் கம்பி சுற்றிச் சேர்த்தார். பெட்டி ஒருமுறை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. வோல்டேஜ் இறங்கினால் சுவிட்சை அணைப்பதும், ஏறியதும் போடுவதுமாகப் பகல் முழுக்கப் பெட்டியின் பின்னாலேயே குந்தியிருந்தார். எல்லோருக்கும் டம்ளரில் காபி வந்தது. அவருக்குப் பேப்பர் கப்பில் வந்தது. வாங்கிக் குடித்தார்.

ஐந்தரைக்கு வாசலில் கார் நின்றது. அழுகைச் சத்தம் உயர்ந்தது. பெட்டிக் கண்ணாடி முழுவதும் நீர் பூத்து வெளுத்திருந்தது. அண்ணன் படியேறுவதற்குள் பெஞ்சமின் எழுந்து, தோள் துண்டால் அப்பாவின் முகம் இருந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு, சுவரோடு ஒதுங்கி வழி விட்டார்.