எட்டாவது ஆடு

அப்பனின் நிலத்துக்குள் நுழைய ஒரு மகளுக்கு எத்தனை ஆடு வேண்டும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

கொனாட் என்ற பழைய நாட்டின் சட்டப்படி எட்டு. மகன் என்றால் பிறந்ததே போதும். உடன்பிறந்தான் இல்லாத மகளோ எல்லை தாண்டி வந்து கேட்க வேண்டும். முதலில் இரண்டு பெட்டைச் செம்மறிகள், நாலு நாள் கழித்து நாலு, பிறகு எட்டு. கூடவே மாவு பிசையும் தொட்டி, சல்லடை, சாட்சிக்கு ஒரு பெண். இத்தனைக்கும் நிலம் அவள் ஆயுள்வரைதான்; பிறகு பங்காளிகளுக்கு. அந்த அரை நியாயத்தையும் கொடுக்க கோன்லாவுக்கு மனமில்லை.

மூரெனின் பெரியப்பா மகன் அவன். நோயில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு ஆறு வருடம் அந்த நிலத்தை உழுதவள் அவள். அப்பா இறந்த மறுவாரமே அவன் தன் மாடுகளை உள்ளே ஓட்டிவிட்டான்.

மூரென் எட்டு ஆடுகளோடு மூன்றாம் முறை எல்லை ஓடையைக் கடக்கும்போது கோன்லாவின் நாய் பாய்ந்தது. ஓர் ஆடு மிரண்டு குன்றேறி ஓடிவிட்டது.

"ஏழுதான் இருக்கு தங்கச்சி! தொட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ," என்று சிரித்தான் கோன்லா.

மூரென் தொட்டியை இறக்கிவைத்தாள். "மாவு பிசையத்தான் அண்ணே வந்திருக்கேன்."

பிசைந்து முடிப்பதற்குள் ஏழில் சினையாக இருந்த ஓர் ஆடு குட்டி போடப் படுத்துவிட்டது. சாட்சிக்கு வந்த ரோனட் ஓடிப்போய்ப் பார்த்துக் கூவினாள்: "அடியே, பொட்டக் குட்டிடி!"

உச்சிவேளையில் நடுவர் செனன் வந்தார்.

"ஐயா, குட்டிய அவ மடியில கட்டிக் கொண்டுவந்துட்டா," என்றான் கோன்லா.

"எல்லைக்கு உள்ள பொறந்தது. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்றாள் ரோனட். "இன்னும் ஈரங்கூடக் காயல. தொட்டுப் பாருங்க."

"இப்பப் பொறந்த குட்டியெல்லாம் கணக்குல வருமா?" என்றான் கோன்லா.

"உன் மகனுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார் நடுவர்.

"மூணு வாரம்."

"அவனை வம்சத்துல எண்ணித்தானேப்பா நிலம் வேணும்ங்கிற? அப்ப இதுவும் எட்டாவது ஆடுதான்."

கோன்லாவின் மனைவிக்கே சிரிப்பு அடங்கவில்லை. மூரென் தன் மண்ணில் சுட்ட முதல் ஓட்ஸ் ரொட்டிக்கு வெண்ணெய் கொண்டுவந்தவள் அவள்தான். முகத்தைத் தொங்கப்போட்டபடி கோன்லாவும் இரண்டு தின்றான்.

ரோனட் அன்று வராதிருந்தால் குட்டி எல்லைக்குள் பிறந்தது என்ற பேச்சு காற்றோடு போயிருக்கும். உங்கள் தெருவிலும் ஒருத்தி பங்கு கேட்டுத் தனியாக நிற்கிறாள். எழுந்து போய் அவள் பக்கத்தில் நில்லுங்கள்.