எத்தனை கிரவுண்டு என்று கேட்டேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கட்சிக்காரர்கள் இருவர் இறங்கினார்கள். அப்போது நான் சென்னையில் ஒரு கல்லூரியில் கட்டடக்கலை ஆசிரியர். சாலையை அகலப்படுத்த நெசவாளர் தெரு ஒன்றை இடிக்க இருந்தார்கள். சாலைக்கு வேறு வழி வரைந்து காட்டி, அந்தத் தெருவைக் காப்பாற்றியிருந்தேன். ஊரில் என்னை அப்படித்தான் தெரியும்.

மூத்தவர் காபியைக் குடித்து முடித்து, "நம்ம ஊருல ஒரு இடம் இருக்குது சார். நீங்கதான் எடுத்துச் செய்யணும்" என்றார்.

கட்சி அலுவலகம் கட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். "எத்தனை கிரவுண்டு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பெரிய இடம் சார். தாமல், முசரவாக்கம்னு கிராமமெல்லாம் சேந்தது" என்றார் இளையவர்.

"அவ்வளவு இடத்துல என்ன கட்டப்போறீங்க?"

"எம்.பி. சீட்டு சார்" என்றார் மூத்தவர், காது கேளாதவரிடம் சொல்வதுபோல.

உள்ளேயிருந்து மனைவி சிரித்துவிட்டாள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டது. சாயங்காலமே தெருமுனையில் பட்டாசு வெடித்தது.

"நீங்க சரின்னு சொன்னீங்களா, இல்லையா?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியலையே" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

பிரசாரத்தின் முதல் நாள் தாமலில் ஜீப்பில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். கரும்பலகை இல்லாமல் கையை எங்கே வைப்பதென்றே விளங்கவில்லை. கூட்டத்திலிருந்து ஓர் அம்மா, "ஏரி மதகு ஒழுவிக்கினே இருக்குது. ஜெயிச்சிட்டா வந்து பாப்பியாப்பா?" என்றாள்.

"இப்பவே பாக்கலாம்மா" என்று இறங்கிக் கரையேறிவிட்டேன். அடுத்த ஊரில் கூட்டம் வெயிலில் காத்துக்கிடந்தது. கட்சிக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஆனால் நான் ஜெயித்ததே அந்த மதகால்தான் என்று பிறகு சொன்னார்கள். அதுவும் எனக்குப் புரியவில்லை.

கல்லூரி வேலையை விட்டேன். சில வருடங்களில் கட்சியின் அகில இந்தியத் தலைவர்களில் ஒருவனாக மேடையில் உட்கார வைத்தார்கள். ஒருநாள் தில்லி வீட்டுக்குப் பழைய மாணவன் ஒருவன் வந்தான். ஏதோ வரைபடம் காட்ட வந்திருக்கிறான் என்று மேசையில் கிடந்ததையெல்லாம் அவசரமாக ஒதுக்கினேன்.

அவன் உட்காரவே இல்லை. "ஒரு டிரான்ஸ்ஃபர் விஷயமா வந்தேங்க ஐயா" என்றான்.

வகுப்பில் அவன் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவான். எனக்குக் கோபமா வருத்தமா என்று பிடிபடவில்லை. டெலிபோனை எடுத்துச் சிபாரிசு செய்தேன். மறுவாரமே அவனுக்கு மாற்றல் கிடைத்தது.