அட்மிட்டட்

கல்லூரியில் இடம் கேட்டு அண்ணன் சிதம்பரம் போயிருந்தான். அங்கே மாமா வீட்டில் தங்கல். கிளம்பும்போதே லேசாக வயிறு வலிக்கிறது என்றான்.

செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாளில் தந்தி என்றாலே சாவுச் செய்திதான். எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த நான்தான் பிரித்தேன். “மகன் அட்மிட்டட். உடனே புறப்படவும்” என்று மாமா ஆங்கிலத்தில் கொடுத்திருந்தார்.

எட்டிப் பார்த்த தந்திக்காரர் சிரித்தார். “பயப்படாதீங்கம்மா. காலேஜ்ல சேத்துக்கிட்டாங்கன்னு போட்டிருக்கு.”

நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டும் அப்பா அன்று வீட்டில் இருந்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. “அங்க இங்கிலீசுல கேப்பாங்க, நீயும் வா” என்று என்னைக் கூட்டிக்கொண்டார்.

தாவணி மாற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியாஸ்பத்திரியில் அத்தையைப் பிரசவத்துக்குச் சேர்த்தபோது நர்ஸ் சொன்னதும் இதே வார்த்தைதான். இடம் கிடைத்ததற்கு எதற்காக உடனே புறப்பட வேண்டும்?

பஸ்ஸில் அப்பா பக்கத்து ஆளிடம், “எம்புள்ள காலேஜ்ல சேந்துட்டான்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு முறை ‘அப்பா’ என்று ஆரம்பித்து, அவர் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் நின்ற இடத்தில் எல்லாம், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பின்னாளில் ஆங்கில ஆசிரியை ஆனபோது அந்தச் சொல்லை அகராதியில் தேடினேன். லத்தீனில் அனுப்புவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். உள்ளே விடுவது, சேர்த்துக்கொள்வது, உண்மையை ஒப்புக்கொள்வது எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. உள்ளே விட்டவனைத் திருப்பி அனுப்புவார்களா என்பதற்கு அதில் பதில் இல்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், காலையிலிருந்து ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு மாமா நின்றிருந்தார்.

“என்னா மச்சான், ஹாஸ்டல்லயும் இடம் குடுத்துட்டாங்களா?” என்றார் அப்பா.

“எந்த ஹாஸ்டலு மாமா? புள்ளைக்குக் குடல்வாலு வெடிச்சிடுச்சு. நேத்தே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. இன்னும் கண்ணு முழிக்கல.”

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் மாமாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“சந்தேகமா இருந்துச்சுப்பா.”

“ஏன் சொல்லல?”

“நீங்க சிரிச்சிக்கிட்டே வந்தீங்க.”

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து யார் வெளியே வந்தாலும் இருவரும் ஒன்றாக எழுந்து நின்றோம்.

வெயில் தாழும் நேரத்தில் நர்ஸ் எங்களைக் கூப்பிட்டாள். அண்ணன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது தரக்கூடாது என்று அவள் அதட்ட, அப்பா அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கல்லூரி அந்த வருஷம் கைநழுவிப் போயிற்று. மறுவருஷம்தான் சேர்ந்தான்.