முபாரக் பாயின் கிட்டார் இரைந்த மாலை

கோப்பைகளுக்கு மெருகு பூசிக்கொண்டிருந்தபோது எங்கள் குழுவின் டிரம்மர் சேகர் போனில் அழைத்தான். "அக்கா, முபாரக் பாய் மவுத்தாயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." செராமிக் யூனிட்டிலிருந்து அப்படியே அவர் வீட்டுக்குப் போனேன். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள்.

உங்களில் பலருக்கு அவர் ஜங்ஷன் ரோட்டு ஹார்டுவேர் கடைக்காரர். எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர்தான் லீட் கிட்டார், நான் பாடகி. துபாயில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பியபோது அவர் கொண்டுவந்த எலக்ட்ரிக் கிட்டார் அது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் அதில் இரண்டு, இரண்டும் ஹம்பக்கர் வகை. ஒவ்வொன்றிலும் ஜோடியாக இரண்டு காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள், இருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சலை அவை ஒன்றுக்கொன்று அடித்துவிடும். சுவிட்சில் மூன்று நிலைகள்: முன்னது, பின்னது, இரண்டும் சேர்ந்து.

"நாலு காயில் இருக்குது. மூணு சத்தந்தானா?" என்பார் பாய்.

ஒரு பிக்கப்பைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றைப் போட்டார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒன்றையொன்று அமுக்கி, சத்தம் தகரம் போல மெலிந்தது. ஒன்றின் இரண்டு ஒயர்களையும் திருப்பிப் போடச் சொன்னான் சேகர். பாய் சீறினார். "எதைத் திருப்புறதுன்னு தெரியாம கைய வைக்காத. பழசுல உலோக மூடி எர்த்தோட சேந்திருக்குது. அதைத் திருப்புனா மூடியில கை படுறப்பல்லாம் உறுமும்." புதியதைத் திருப்பினார், சத்தம் நிறைந்தது. பிறகு வால்யூம் குமிழில் இன்னொரு சுவிட்ச் வைத்தார். மேலே இழுத்தால் ஜோடியில் ஒரு காயில் மட்டும் பேசும். ஒலி கூர்மையாகும், இரைச்சலும் கூடவே வரும். அமுக்கினால் இரைச்சல் அடங்கிவிடும்.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு. தூறல் விட்டிருந்தது. இரும்பு மேடை ஈரமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடுவது என் வழக்கம். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறினார்கள். பாய் குமிழை இழுத்து முன்னிசையைத் தொடங்கினார். கிட்டார் உறுமியது. சீரியல் விளக்குகளால் வரும் வழக்கமான இரைச்சல் என்றுதான் நினைத்தேன். அவர் குமிழை அமுக்கினார். உறுமல் அடங்கவில்லை. அவர் விரல்கள் சட்டென்று கம்பியை விட்டன. நான் மைக்கை நோக்கிக் கை நீட்டியிருந்தேன்.

"வசந்தி, தொடாத!"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் மாமா மேடையேறினார். "என்னங்க இது? பொண்ணு மாப்ள வந்து நிக்கிறாங்க, பாட்ட நிறுத்துறீங்க?"

"காயில் வழியா வந்த இரைச்சல்னா இப்ப அடங்கியிருக்கணும். எர்த்து வழியா வருது, மைக்குக்கும் அதே எர்த்துதான். கம்பியில கை சுருக்குங்குது. நான் ரப்பர் செருப்புல நிக்கிறேன். அந்தப் பொண்ணு வெறுங்காலு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, பாடச் சொல்லுங்க!" கீழேயிருந்து இளைஞர்கள் சிலர் கத்தினார்கள். எங்கள் குழுத் தலைவர்கூடக் கெஞ்சினார். "பாய், ஒரே ஒரு பாட்டு."

பாய் என் முன்னால் வந்து நின்றுகொண்டார். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து மைக்கின் உடம்பில் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. மாமா பின்வாங்கினார்.

ஜெனரேட்டரை அணைத்துப் பார்த்தார்கள். அதன் போர்டுக்குள் தோல் உரிந்த லைன் ஒயர் ஒன்று எர்த்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து, பாய் மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே நான் மைக்கைப் பிடித்தேன். முதல் வரியில் என் குரல் பிசிறியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த வரியை இன்னொருமுறை வாசித்து, எனக்காகக் காத்திருந்தார்.

அவர் போன மறுவாரம், யூனிட்டில் மெருகு கலக்கும் மெஷினைத் தொட்டபோது கை சுரீர் என்றது. "ஆர்டர் நிக்குது, ஓட்டும்மா" என்று அவசரப்படுத்தினார் சூப்பர்வைசர். நான் மெயினை அணைத்துவிட்டு, அதன் முன்னாலேயே நின்றேன். பக்கத்தில் வேலை செய்யும் பெண்களை நெருங்க விடவில்லை. "ஆள் வந்து பாத்தப்புறம் ஓட்டலாம்" என்றேன். அவர் கத்தினார். நான் நகரவில்லை.

முபாரக் பாயிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான்.