வெற்றிலை பாக்கு வைத்துக் கட்டிய ஃபீஸ்

கண்ணாத்தாளைக் கும்பிடுகிற எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

போன ஆவணியில் என் மகள் சுகன்யாவின் படிப்பு நின்றுபோக இருந்தது. நர்சிங், மூன்றாம் வருடம். கட்டணம் எழுபதாயிரத்திலிருந்து தொண்ணூற்று ஐந்தாயிரமாக ஏறிவிட்டது. பதினைந்து நாளைக்குள் முழுசாகக் கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றார்கள். என்னிடம் சீட்டு எடுத்த எழுபதாயிரம்தான் இருந்தது.

தப்பு என்னுடையது. காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்கு முறுக்கு, அதிரசம் சுட்டுக் கொடுப்பது என் தொழில். வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் எங்களுக்குப் பேசின விலை பேசினதுதான். நடுவில் எண்ணெய் எவ்வளவு ஏறினாலும் வாய் திறக்க மாட்டோம். அந்த நினைப்பிலேயே முதல் வருடம் பணத்தை வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு தாம்பாளத்தில் வைத்துக் கல்லூரி ஆபீசில் நீட்டினேன். கிளார்க் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நாலு வருடத்துக்கும் விலை முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர்கள் நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்தும் போட்டேன். இரண்டாம் வருடமும் அதே கட்டணம்தான். கேட்கவா வேண்டும், நிம்மதியாக இருந்துவிட்டேன்.

இப்போது அதே கிளார்க்கிடம் போய் நின்றேன்.

“என்ன சார் இப்புடிச் சொல்றீக? அன்னைக்கு வெத்தலபாக்கு வாங்குனீகள்ல?”

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. என் கையெழுத்து இருந்த தாளின் நகலை எடுத்துக் கொடுத்து ஒரு வரியைக் காட்டினார். படிப்புக் காலத்தில் கட்டணம் உயரக்கூடும் என்று போட்டிருந்தது. “நான் என்னம்மா செய்ய முடியும்?” என்றார். ஐயோ, அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

நகையெல்லாம் என் வீட்டுக்காரர் வைத்தியத்துக்கே போய்விட்டது. அவரும் போய்விட்டார். கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்தார்கள். பத்தாம் நாள், வியாழக்கிழமை, சுகன்யா வந்து சொன்னாள்: “ஜவுளிக்கடையில ஆள் எடுக்குறாகம்மா. பேசிட்டு வந்துட்டேன். நீ அழுவாத.” அவள் அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி நாட்டரசன்கோட்டை போனேன். கண் நோய்க்கு எல்லோரும் வேண்டிக்கொள்கிற கண்ணாத்தாள் சன்னதியில் நின்று நான் சண்டை போட்டேன்.

“கண்ணு குடுக்குறவ, கண்ணு குடுக்குறவன்னு ஊரே சொல்லுது. அந்த ஒத்த வரியப் படிக்க எனக்குக் கண்ணு குடுத்தியா ஆத்தா? எம்புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அந்தத் தாளைப் பூசாரியிடம் கொடுத்து ஆத்தா காலடியில் வைக்கச் சொன்னேன். திரும்பி வந்தபோது அதில் குங்குமம் அப்பியிருந்தது.

வெளியே உட்கார்ந்து முந்தானையால் துடைத்தேன். துடைத்த இடத்தில் எழுத்து தெரிந்தது. கிளார்க் காட்டிய வரிக்கு நேர் கீழே. இத்தனை நாள் அந்த முதல் வரியைத் தாண்டி என் கண் இறங்கவே இல்லை. கட்ட முடியாதவர்கள் கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்தால், உயர்ந்த தொகையைத் தவணையில் கட்டலாம் என்று இருந்தது. எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன். யார் என்ன சொன்னாலும் சரி, கண்ணைத் திறந்தது அவள்தான்.

திங்கட்கிழமை சுகன்யா மனு எழுதினாள். நான் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். முதல்வரம்மா வாங்கிப் பார்த்து, “இத மொதல்லயே கேட்டிருக்கலாமேம்மா” என்றார். எழுபதாயிரத்தை அன்றே கட்டினோம். மீதியை ஐந்து தவணையாக, ஐப்பசி, தை முகூர்த்த ஆர்டர்களில் கட்டி முடித்தேன்.

ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தது, பொண்ணு எப்போது வேலைக்கு வரும் என்று. “அவ வரமாட்டா சார், பரீச்சைக்குப் போயிருக்கா” என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் இருபது நாளாக அடக்கி வைத்த அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது.

இந்த வருடமும் கட்டணம் ஏறியிருக்கிறது. நான் சித்திரையிலேயே போய்க் கேட்டுவிட்டதால் சீட்டைப் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளையைச் சேர்க்கப் போகிற அம்மாமார்களே, நாலு வருடத்துக்கும் இதேதானா என்று ஆபீசில் கூச்சப்படாமல் கேளுங்கள். வழியே தெரியாமல் நிற்கிறீர்களா, ஆத்தாவிடம் வாருங்கள். பக்தியாகப் பேச வரவில்லை என்றால் என்னைப் போலச் சண்டையாவது போடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.